பிரேக் பிடித்தது பின்னால் தெரிந்ததா?

பின்னால் வந்து மோதியவன் வழக்குக் கட்டை எடுக்காதே. மோட்டார் விபத்து வழக்கு பார்க்கும் சீனியர்கள் ஜூனியருக்கு முதலில் சொல்லித் தரும் பாடம் இதுதான். முன்னால் போகிறவன் எந்த நொடியிலும் நிற்கலாம். மாடு வரலாம், பள்ளம் வரலாம். அதற்கு இடம் விட்டு வருவது பின்னால் வருகிறவன் பொறுப்பு. 1989ஆம் ஆண்டு சாலை ஒழுங்குமுறைகளின் 23ஆவது விதி அதைத்தான் சொன்னது. அதனால் பின்பக்க மோதல் என்றால் தீர்ப்பாயத்தில் பாதி வழக்கு வாசலிலேயே முடிந்துவிடும்.

சோமனூர்ப் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மாவிடமும் இதைத்தான் சொல்ல நினைத்தேன். மகன் விசைத்தறியில் இரண்டாம் ஷிப்ட் முடித்துவிட்டு பைக்கில் கோவைப் பக்கம் வந்திருக்கிறான். கருமத்தம்பட்டி தாண்டி அவிநாசி சாலையில், முன்னால் போன கார் ஒன்றின் பின்புற இடது மூலையில் மோதி விழுந்தான். வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்து, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். "எஃப்.ஐ.ஆரும் எம்பையன் பேர்லயே போட்டுட்டாங்க சாமி" என்றார் அந்த அம்மா. 2016இல் நடந்த விபத்து அது.

பையன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான். "முன்னாடி வண்டி பிரேக் போட்டப்ப லைட்டு எரியலையா?" என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு எல்லாக் கட்சிக்காரரும் "எரியவே இல்லீங்க" என்றுதான் சொல்வார்கள். இவன் கொஞ்சம் யோசித்தான்.

"எரிஞ்சுதுங்க. ஆனா அது எப்பவுமே எரிஞ்சுட்டுத்தானுங்க இருந்துச்சு."

பொய் சொல்ல வந்தவன் இப்படிச் சொல்ல மாட்டான். வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

அவன் மோதிய கார் சாதாரணக் கார் இல்லை. சான் ஸ்டார்ம் என்ற பெயரை இன்றைய பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கோவாவில் தயாரான, இரண்டே பேர் உட்காரும், கூரை திறக்கிற ஸ்போர்ட்ஸ் கார். ரெனோவின் 1.2 லிட்டர் இன்ஜின். உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ். சாலையில் ஒன்றைப் பார்த்தால் திரும்பிப் பார்ப்போம், அவ்வளவு அபூர்வம். கோவையில் இப்படிப்பட்ட வண்டிகளைத் தேடிப் பிடித்து வாங்கி, ஆசை ஆசையாகச் சரி செய்து ஓட்டுகிறவர்கள் உண்டு. செட்டிபாளையத்தில் கரி ரேஸ் ட்ராக் இருக்கிற ஊர் இது. உரிமையாளர் ஒரு மில் குடும்பத்து இளைஞர். விபத்தன்று ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததும், அது வரும் வரை பையன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவர்தான். பணக்காரப் பையன், வேகப் பைத்தியம் என்று எழுதிவிட எனக்கும் வசதியாக இருக்கும். ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. நிறுத்தத்தில் நிற்காமல் நடுரோட்டில் நின்ற ஒரு பஸ்ஸுக்காக நியாயமாகத்தான் பிரேக் பிடித்திருக்கிறார்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 166இன் கீழ் மனு போட்டேன். அந்தப் பிரிவில் இழப்பீடு வேண்டுமென்றால் எதிர்த்தரப்பின் கவனக்குறைவை நாம்தான் காட்ட வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தின் எதிருரை மூன்றே வரியில் சொல்லக்கூடியது: மனுதாரர் பின்னால் வந்து மோதினார், முதல் தகவல் அறிக்கை அவர் மீதுதான், காரில் எந்தக் குறையும் இல்லை, மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை. மூன்றாவதற்கு ஆதாரம், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. விபத்துக்கு இயந்திரக் கோளாறு காரணமல்ல என்று அச்சடித்த படிவத்தில் ஒரு வரி. அந்த வரியை என் அனுபவத்தில் எத்தனையோ அறிக்கைகளில் படித்திருக்கிறேன். ஆய்வு பெரும்பாலும் காவல் நிலைய வாசலில், பகல் வெளிச்சத்தில் நடக்கும். பிரேக் பிடிக்கிறதா, ஸ்டீயரிங் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். இரவில் பின்விளக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க, இரவு வரை யார் காத்திருப்பது?

எஃப்.ஐ.ஆர். பற்றி நான் பெரிதாகக் கவலைப்படவில்லை. விபத்துத் தீர்ப்பாயத்தில் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டு நிரூபிக்க வேண்டியதில்லை, எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று பிம்லா தேவி வழக்கில் 2009இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிக்கல் வேறு. 'எப்பவுமே எரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு' என்பதைக் கவனக்குறைவு என்று எப்படிக் காட்டுவது?

என் வண்டிக்கு வயரிங் பார்க்கும் பெரியவரிடம் கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "எல்.இ.டி. மாத்தியிருக்காங்களா?"

அவர் சொன்ன விளக்கத்தை அதற்குப் பிறகு பல புத்தகங்களில் சரிபார்த்துக்கொண்டேன். பழைய கார்களின் பின்விளக்கில் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். ஒன்று 5 வாட், ராத்திரி முழுக்க எரிகிற டெயில் லைட். மற்றது 21 வாட், பிரேக்கை மிதித்தால் மட்டும் எரிவது. வாட் கணக்கில் நான்கு மடங்குதான் என்றாலும் வெளிச்சக் கணக்கு அப்படியில்லை. சிறிய இழை 35 லூமென், பெரியது 440. பன்னிரண்டு மடங்குக்கு மேல். பின்னால் வருகிறவன் கண்ணில் பளிச்சென்று அறைவது இந்த வித்தியாசம்தான். அதனால்தான் விளக்குகளுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை எண் 7, ஒரே கூட்டில் இரண்டு வேலையும் நடக்கும் விளக்கில் பிரேக் வெளிச்சம் டெயில் வெளிச்சத்தைப் போல் குறைந்தது ஐந்து மடங்கு இருக்க வேண்டும் என்கிறது.

அதே ஹோல்டரில் மாட்டுகிற மாதிரி கடையில் விற்கும் எல்.இ.டி. பல்புகளுக்கு இந்தக் கவலை கிடையாது. வாங்குகிறவர் கடை வாசலில் டெயில் லைட்டைப் போட்டுப் பார்த்து "அடேயப்பா" என்றால்தான் விற்கும். எனவே டெயிலும் பிரகாசம், பிரேக்கும் பிரகாசம். இது போதாதென்று, சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்.இ.டி.யை மாட்டிவிடுவார்கள். இழை பல்பின் வெளிச்சத்தில் சிவப்பு தாராளமாக இருக்கும், வெள்ளை எல்.இ.டி.யில் நீலமும் மஞ்சளும்தான் தூக்கல், சிவப்பு சொற்பம். கண்ணாடி சிவப்பை மட்டுமே வெளியே விடும். கையில் பிடித்துப் பார்க்கும்போது கண்ணைப் பறித்த பல்பு, கூட்டுக்குள் போனதும் சோர்ந்துவிடும். சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்.இ.டி. போட வேண்டும் என்பது தெரிந்த மெக்கானிக்குகளும் உண்டு, தெரியாதவர்களும் உண்டு.

ஆக, வண்டியைப் பார்த்தாக வேண்டும். இங்கே எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம். சான் ஸ்டார்ம் தயாரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. உதிரி பாகத்துக்கு அலைந்து அலைந்து ஓய்ந்துபோய், உரிமையாளர் காரை ஷெட்டில் தார்ப்பாய் போட்டு மூடியே வைத்திருந்தார். இடது விளக்கு நொறுங்கியிருந்தது, வலது விளக்கு அப்படியே. புது மாடல் காராக இருந்திருந்தால் ஒரே வாரத்தில் எல்லாம் மாற்றி, என் வழக்கும் குப்பைக்குப் போயிருக்கும்.

அட்வகேட் கமிஷனர் நியமிக்கக் கேட்டேன். கூடவே பிரிவு 169(3)இன் கீழ் இன்னொரு மனு. விஷயம் தெரிந்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கு இந்தப் பிரிவு அதிகாரம் தருகிறது. இருந்தும் அதைப் பயன்படுத்தச் சொல்லி யாரும் கேட்பதில்லை. பாலிடெக்னிக் ஒன்றில் ஆட்டோமொபைல் துறை ஆசிரியரை நியமித்தார்கள்.

சாயங்காலம் நன்றாக இருட்டிய பிறகு ஆய்வு நடந்தது. செத்துப்போன பேட்டரிக்குப் பதில் புது பேட்டரி மாட்டினார்கள். கமிஷனர் முப்பது மீட்டர் பின்னால் காருக்கு முதுகு காட்டி நின்றார். ஆசிரியர் ஓட்டுநர் இருக்கையில். குரல் கொடுத்ததும் கமிஷனர் திரும்பிப் பார்த்து, பிரேக் மிதித்திருக்கிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். டெயில் லைட்டை அணைத்துவிட்டுச் செய்தபோது ஒரு தடவைகூட அவர் தவறவில்லை. டெயில் லைட்டைப் போட்டுவிட்டுச் செய்தபோது, பூவா தலையா கேட்ட மாதிரிதான். ஆசிரியர் கையில் வைத்திருந்த ஒளிமானியில் பிரேக் வெளிச்சம் டெயில் வெளிச்சத்தின் இரண்டு மடங்கைத் தொடவில்லை.

இண்டிகேட்டரும் எல்.இ.டி.தான். அதில் ஒரு வேடிக்கை. எல்.இ.டி. குறைவாகக் கரண்ட் எடுப்பதால், பழைய ஃப்ளாஷர் பல்பு ஃபியூஸாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு படபடவென அடிக்க ஆரம்பிக்கும். அதை ஏமாற்ற 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை இணைப்பார்கள். 24 வாட் மின்திறனை வெறும் சூடாக எரித்துத் தள்ளுவதுதான் அதன் வேலை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மாற்றிய விளக்குக்கு, மிச்சம் பிடித்ததை வீணடிக்க ஒரு கருவி! இரும்புத் தகட்டில் வைத்தால் சூடு பரவிப் போய்விடும். இவர்கள் ஃபைபர் உடம்பிலேயே ஒட்டியிருந்தார்கள். சுற்றிலும் கருகிப் பழுப்பேறியிருந்தது. 'மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை' என்று எதிருரையில் ஒரு வரி இருந்ததல்லவா, அதற்கு அந்தக் கருகலே பதில்.

அறிக்கை வந்ததும் எதிர்த்தரப்பு சும்மா இருக்கவில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கு வந்த வக்கீல் என்னைவிட மூத்தவர், வண்டிகளைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர். அவர் கையில் மூன்று அம்புகள் இருந்தன.

முதலாவது, வேகம். இழை பல்பு சூடாகி முழு வெளிச்சத்துக்கு வர ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். எல்.இ.டி. மிதித்த கணமே எரியும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிறவனுக்கு அந்த 0.2 நொடி என்பது மூன்றேகால் மீட்டருக்கு மேல். "என் கட்சிக்காரர் காப்பீடு தந்த காரை ஓட்டியவர் பின்னால் வருகிறவருக்கு மூன்று மீட்டர் தானம் செய்திருக்கிறார் ஐயா" என்றார். நீதிபதியே சிரித்துவிட்டார். கணக்கு சரியானது. சீக்கிரம் எரிந்து என்ன பயன், எரிந்தது என்று தெரிந்தால்தானே என்பதே என் வாதம்.

இரண்டாவது, சட்டம். மத்திய மோட்டார் வாகன விதி 105 கேட்பது 155 மீட்டருக்கு அப்பால் தெரிகிற சிவப்பு விளக்கை. அது இருந்தது, கமிஷனரே ஒப்புக்கொள்கிறார், பிறகென்ன குறை? நிஷான் சிங் வழக்கின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் எடுத்து வைத்தார். அதில் முன்னால் போன லாரி திடீரென்று நின்றதில் மாருதி கார் பின்னால் மோதியது. 10, 15 அடி இடைவெளியில் வந்தது கார்தான், லாரி மீது தப்பில்லை என்றது உச்ச நீதிமன்றம். அந்த வழக்கில் லாரியின் பிரேக் விளக்கு பற்றி யாரும் கேள்வி எழுப்பவில்லை என்பதை மட்டும் நான் சுட்டிக்காட்டினேன்.

மூன்றாவதுதான் குறி தப்பாத அம்பு. இரும்புக் காரில் பல்பின் எர்த் உடம்பு வழியே போகும். ஃபைபர் காரில் அது நடக்காது. ஒவ்வொரு விளக்குக்கும் எர்த் ஒயரைத் தனியே இழுத்து வந்திருப்பார்கள். மோதலின் அதிர்ச்சியில் அந்த ஒயரின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். எர்த் சரியில்லாவிட்டால் எந்த விளக்கும் மங்கும். ஆகவே கமிஷனர் பார்த்த மங்கல் விபத்தின் விளைவு, காரணமில்லை. விபத்துக்கு முன் அந்த விளக்கு எப்படி எரிந்தது என்று யாருக்குத் தெரியும்?

இந்தக் கேள்விக்கான பதில் ஆசிரியரின் அறிக்கையிலேயே இருந்தது. நாங்கள் யாரும் கேட்காமலேயே அன்று இரவு அவர் ஒரு காரியம் செய்திருந்தார். எல்.இ.டி.யைக் கழற்றி, அதே ஹோல்டரில் சாதாரண 21/5 பல்பை மாட்டிப் பார்த்திருந்தார். டெயிலுக்கும் பிரேக்குக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். சாட்சிக் கூண்டில் அவரிடம் அதை விளக்கச் சொன்னேன்.

"21 வாட் இழை 12 வோல்ட்ல ஒண்ணே முக்கால் ஆம்பியர் எடுக்கும் சார். எல்.இ.டி. அதுல சின்னப் பங்குதான் எடுக்கும். எர்த் மோசமா இருந்தா, கரண்ட் அதிகம் எடுக்கிற பல்புதான் முதல்ல மங்கணும். இங்க அது நல்லா எரியுது. கரண்ட் கம்மியா எடுக்கிறதுதான் தடுமாறுது. அப்போ கோளாறு ஒயர்ல இல்லை, பல்புல."

கழற்றிய எல்.இ.டி.யை வெளியே வைத்து நேரடியாக பேட்டரியில் கொடுத்தும் பார்த்திருந்தார். அதே இரண்டு மடங்குக்குக் குறைவான வித்தியாசம்தான். மூத்த வக்கீல் குறுக்கு விசாரணையில் இன்னொரு கோணத்தில் வந்தார். திரும்பி நின்று பார்க்கிறவர் மாற்றத்தைப் பார்க்கவில்லை, நிலையைத்தான் பார்க்கிறார். சாலையில் போகிறவன் தொடர்ந்து பார்த்துக்கொண்டே போவதால், வெளிச்சம் கூடுகிற கணத்தைப் பார்ப்பானே என்றார். உண்மையிலேயே நல்ல கேள்வி. ஆசிரியர் அமைதியாகச் சொன்னார்: "யாரும் ஒரே இடத்தையே பார்த்துட்டு ஓட்டறதில்லைங்க. கண்ணாடியப் பார்ப்பாங்க, பக்கத்துல போற பஸ்ஸப் பார்ப்பாங்க. பார்வை திரும்பி வர்றப்ப அந்த விளக்கு என்ன சொல்லுதுங்கறதுதானே முக்கியம்?"

உரிமையாளரை நான் அதிகம் கேட்கவில்லை. எல்.இ.டி. எதற்கு மாற்றினீர்கள்? பழைய பல்பு மங்கல், பின்னால் வருகிறவர்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்றுதான். மாற்றியதும் சோதித்தீர்களா? சோதித்தேன். எங்கே? ஒர்க்‌ஷாப்பில். எப்போது? பகலில். பிரேக்கை மிதித்தது யார்? நான். பின்னால் நின்று பார்த்தது? மெக்கானிக். டெயில் லைட்டைப் போட்டுவிட்டா மிதித்தீர்கள்? இல்லை. விபத்து நாள் வரை இரவில் உங்கள் காரின் பின்பக்கத்தை எப்போதாவது பார்த்ததுண்டா? அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இல்லை" என்றார். எந்தக் காரோட்டியும் அப்படித்தான். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்த விளக்கை அப்படியே விட்டிருந்தால், அவருக்காக வேறொருவர் ஏற்கெனவே பார்த்து முத்திரை குத்தியிருப்பார். கைவைத்த பிறகு பார்ப்பது கைவைத்தவர் பொறுப்பு. நடுவில் உயரமாக வைக்கும் மூன்றாவது பிரேக் விளக்கும் அந்தக் காரில் இல்லை.

மாற்றியமைப்பது சட்டவிரோதம் என்ற வாதத்தை நான் முன்னுக்கு வைக்கவில்லை. என் ஜூனியருக்கு அதில் வருத்தம். விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, 2019 ஜனவரி 9 அன்று, கேரளத்திலிருந்து போன ஜெயச்சந்திரா வழக்கில் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. "சார், கேஸ் ஜெயிச்சாச்சு" என்று ஓடி வந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டத்தை மீறுவது ஒன்று, அந்த மீறலால் விபத்து நேர்வது இன்னொன்று. ஒருவன் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாலேயே விபத்தில் அவனுக்குப் பங்குண்டு என்று சொல்லிவிட முடியாது என்று சுதிர்குமார் ராணா வழக்கில் 2008இல் தீர்ப்பு வந்திருக்கிறது. அந்தத் தர்க்கம் இரண்டு பக்கமும் வெட்டும். ஒழுங்காக வேலை செய்யும் எல்.இ.டி.யாக இருந்திருந்தால், அது எத்தனை சட்டவிரோதமாக இருந்தாலும் என் கட்சிக்காரனுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

மாற்றம் நிரூபணமானதும் காப்பீட்டு நிறுவனம் திசை திரும்பியது. அதுவரை 'மாற்றமே இல்லை' என்றவர்கள், 'மாற்றத்தை எங்களிடம் மறைத்துவிட்டார், நாங்கள் பொறுப்பில்லை' என்றார்கள். அப்போது நடைமுறையில் இருந்த பிரிவு 149(2), மூன்றாம் நபருக்கு எதிராகக் காப்பீட்டாளர் எந்தெந்தக் காரணம் சொல்லலாம் என்று எண்ணி வைத்திருந்தது. விளக்கு மாற்றுவது அந்தப் பட்டியலில் இல்லை. முக்கிய விவரத்தை மறைத்து பாலிசி வாங்குவது மட்டும் இருந்தது. அதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

மெக்கானிக்கை சம்மன் போட்டு வரவழைத்தேன். பழைய பில் புத்தகத்தை மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்தார். "நாந்தானுங்க மாட்டுனேன். வெள்ளைதானுங்க பவரு ஜாஸ்தி, அதனால வெள்ளை போட்டேன்" என்று எதையும் மறைக்காமல் சொன்னார். பில்லின் தேதி, பாலிசி புதுப்பித்த தேதிக்குப் பிந்தையது. மறைத்து வாங்கினார் என்றால், வாங்கும்போது மறைக்க ஏதாவது இருந்திருக்க வேண்டுமே. உரிமையாளரின் கவனக்குறைவுக்குச் சான்றான அதே பில்தான், காப்பீட்டு நிறுவனத்தை வழக்கிலிருந்து நழுவவிடாமல் பிடித்துவைத்து, உரிமையாளரின் பையையும் காப்பாற்றியது. அன்று வராந்தாவில் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார் அந்த இளைஞர்.

என் பக்கத்தின் பலவீனம் என் கட்சிக்காரனின் வாயிலிருந்தே வந்தது. முன்னால் போன காருக்கும் உனக்கும் எவ்வளவு இடைவெளி என்று குறுக்கு விசாரணையில் கேட்டார்கள். "ரெண்டு வண்டி நீளம் இருக்குமுங்க" என்றான். என் அலுவலகத்தில் உண்மையைச் சொன்னவன் கூண்டிலும் உண்மையையே சொன்னான். அந்த வேகத்துக்கு அது போதாது.

தீர்ப்பு அறுபதுக்கு நாற்பது. பிரேக் பிடித்ததைப் பின்னால் வருகிறவருக்குத் தெரிவிக்காத விளக்கு, விளக்கு இல்லாததற்குச் சமம் என்று கண்டு, கார் தரப்புக்கு 60 சதவீதப் பொறுப்பு. இடைவெளி விடாததற்காக மனுதாரருக்கு 40. இழப்பீட்டில் நாற்பதைக் கழித்து மீதியை வட்டியோடு காப்பீட்டு நிறுவனம் கட்ட வேண்டும். நாற்பது அதிகம் என்றே இன்றும் நினைக்கிறேன். இடைவெளி குறைவாக வருகிறவன் நம்பியிருப்பதே அந்தச் சிவப்பு விளக்கைத்தான். அதுவும் கைவிட்டபோது அவன் பங்கை இருபத்தைந்தோடு நிறுத்தியிருக்கலாம். மேல்முறையீடு செய்யலாம் என்றேன். "போதுஞ்சாமி, கம்பிய எடுக்கோணும், அதுக்குப் பணம் வேணும்" என்றார் அந்த அம்மா. காப்பீட்டு நிறுவனமும் மேலே போகவில்லை. பணம் தீர்ப்பாயக் கணக்குக்கு வந்து சேர்ந்ததும், வங்கிப் புத்தகத்தோடு காசோலை மனு போட்டோம்.

2019 செப்டம்பரிலிருந்து பிரிவு 182ஏ(4) வந்துவிட்டது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. எல்.இ.டி. பல்பு மாற்றியதற்காக அந்தப் பிரிவில் வழக்கு என்று யாரும் இதுவரை என்னிடம் வரவில்லை. அவிநாசி சாலையில் இரவில் போகும்போது எனக்கு முன்னால் அப்படிப்பட்ட வண்டிகள் நிறையப் போகின்றன. இடைவெளியைக் கூட்டிக்கொள்கிறேன்.